கிழட்டு பிரவுசருக்கு ஒரு வரி

ஆஸ்திரேலியாவின் கோகன் இணையக் கடை 2012-இல் அருமையான வழி கண்டது: இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 வழியாகப் பொருள் வாங்கினால் 6.8 சதவீத வரி. அந்தப் பிரவுசர் பிறந்து கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 0.1 சதவீதம்! அந்தக் கிழத்துக்காகப் பக்கத்தை ஒட்டுப்போட்டவர் கூலியை வேறு யார் தருவது?

இதே கணக்கில் போனால் 2090-இல் டிவி விலை இரட்டிப்பு. தாத்தா கணினியைப் பேரன்கள் பத்திரமாகத் துடைத்து வைக்கட்டும். கடையின் லாபமே அதில்தான்.

2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரருக்கு விடை கொடுத்தது. தென்கொரியாவின் கியோங்ஜுவில், ஒரு காபிக் கடையில் கல்லறைக்கல்லே நட்டார்கள். அதில் பொறித்த வாசகப்படி, வேறு பிரவுசர்களைத் தரவிறக்க உதவிய நல்ல கருவியாம்.

கருமாதி ஆயிற்று. பார்த்தால், எட்ஜ் பிரவுசரின் உள்ளறையில் 'ஐஇ மோட்' என்ற பெயரில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், குறைந்தது 2029 வரை.