அடைப்புக்குறி ஆசாமி

போன் போடச் சொன்னால் பிராக்கெட் போடுகிறவர் இவர். பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, ஓஎம்ஆரில் அமெரிக்காவுக்கு மென்பொருள் விற்கும் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சேல்ஸ் தளத்தின் ஜன்னலோர இருக்கை இவருடையதாகத்தான் இருக்கும். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "ஹாய், திஸ் இஸ் சாம்" என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் பக்கம் மட்டும் சத்தமே இருக்காது. லிங்க்ட்இன்னில் ஆள் தேட உதவும் சேல்ஸ் நேவிகேட்டரைத் திறந்துவைத்து, ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பார். திறக்கும் பிராக்கெட் ஏழு, மூடும் பிராக்கெட் ஆறு. ஒன்று எங்கே போயிற்று?

"ரெண்டே நிமிஷம் ப்ரோ, ஸ்ட்ரிங் ரெடியாயிடும்."

இது மாலை ஆறரை மணிக்கு. கோடைக்காலமென்றால் நியூயார்க்கில் அப்போது காலை ஒன்பது. ஆட்கள் காபியோடு சீட்டில் வந்து உட்காரும் நேரம். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகும் இரவு ஒன்பதரைக்கும் ஸ்ட்ரிங் ரெடியாகிக்கொண்டேதான் இருக்கும்.

அவர் சொல்வதில் சரக்கே இல்லை என்று தள்ளவும் முடியாது. ஒரு கம்பெனியின் கணக்குவழக்குக்குப் பொறுப்பானவரை அமெரிக்காவில் ஒரே பெயரில் கூப்பிடுவதில்லை. ஓரிடத்தில் சிஎஃப்ஓ, இன்னோரிடத்தில் வி.பி. ஃபைனான்ஸ், வேறோரிடத்தில் கன்ட்ரோலர். அரசு அலுவலகங்கள் சிலவற்றில் அதே கன்ட்ரோலரை 'காம்ப்ட்ரோலர்' என்று வேறு ஸ்பெல்லிங்கில் எழுதுவார்கள். இத்தனை பெயரையும் நடுவில் 'ஆர்' போட்டுக் கோத்தால் அதுதான் ஸ்ட்ரிங்; ஒரே தேடலில் எல்லோரும் வந்து விழுவார்கள். அந்தக் காம்ப்ட்ரோலர் சமாசாரம் டீமில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லியும் கொடுப்பார். 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றும் கேப்பிடல் எழுத்தில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லிங்க்ட்இன் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறி போட்டு மீதிச் சொல்லை ஊகிக்கச் சொன்னால் அதற்குப் புரியாது. எல்லாமே சரியான தகவல்கள்.

பிராக்கெட் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கல்யாணக் கணக்கு வைத்திருக்கிறார். தரகரிடம், "டாக்டர் அல்லது இன்ஜினியர், மற்றும் சென்னையில் வேலை" என்று பிராக்கெட் இல்லாமல் சொல்லிவிட்டால், தேடும் இயந்திரம் 'மற்றும்' என்பதை முதலில் முடித்துவிட்டு அப்புறம்தான் 'அல்லது' பக்கம் வரும். ஆக, இன்ஜினியர்கள் சென்னையிலிருந்து மட்டும் வருவார்கள். டாக்டர்களோ துபாய், டெட்ராய்ட் என்று உலகம் முழுவதிலிருந்தும் வருவார்கள். டாக்டரையும் இன்ஜினியரையும் ஒரு பிராக்கெட்டுக்குள் அடைத்துவிட்டுத்தான் சென்னையைச் சேர்க்க வேண்டும். "புரியுதா தம்பி?" புரிகிறது. இதைவிட நன்றாக யாரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. அவருக்கே இன்னும் பெண் அமையவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அவருடைய உயிர் இருப்பது 'நாட்'டில்.

ஆரம்பம் நியாயமாகத்தான் இருந்தது. 'பிரெசிடென்ட்' என்று தேடினால் வைஸ் பிரெசிடென்டும் வருவார், பிரெசிடென்டின் உதவியாளரும் வருவார். ஆகவே நாட் வைஸ், நாட் அசிஸ்டென்ட். அடுத்து நாட் இன்டர்ன், நாட் ஸ்டூடென்ட், நாட் ரிட்டயர்ட். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஒருநாள் ஒரு கன்சல்டன்ட் முழு டெமோவையும் பொறுமையாகக் கேட்டு, நல்ல கேள்விகளாகவும் நாலு கேட்டுவிட்டு, கடைசியில் தன்னுடைய ஆலோசனைச் சேவையை இவரிடமே விற்கப் பார்த்தார். அன்றோடு அமெரிக்காவின் கன்சல்டன்ட் குலம் மொத்தமும் நாட். பிறகு ஒரு வங்கியின் வி.பி. சிக்கினார். கேப்டனைப் பிடித்துவிட்டதாக டீமே கொண்டாடியது. அமெரிக்க வங்கிகளில் வைஸ் பிரெசிடென்ட் என்பது நடுத்தரப் பதவி, ஒரே தளத்தில் ஏகப்பட்ட பேர் அந்தப் பட்டத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நாட் பேங்க். ஒஹையோவில் ஒருவர், "என் பெயரை லிஸ்டிலிருந்து தூக்கு" என்று கத்திவிட்டு போனை வைத்தார். ஒஹையோ மாநிலமே நாட். ப்ரொஃபைலில் தன்னை நாய்க்கு அப்பா என்று போட்டுக்கொள்கிறவர்கள் வாங்க மாட்டார்கள் என்பது இவருடைய சொந்த ஆராய்ச்சி, அவர்களும் நாட். ஸ்ட்ரிங்கை மேலிருந்து கீழே வாசித்தால் வாடிக்கையாளரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவர் எங்கெங்கே அடிபட்டார் என்பது மட்டும் வரிசையாகத் தெரியும்.

இதற்குச் சாக்காக ஒரு எண் கிடைத்திருக்கிறது: 2,500. சேல்ஸ் நேவிகேட்டர் எத்தனை லட்சம் பேரைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாலும், பக்கத்துக்கு 25 பேர் வீதம் 100 பக்கம்தான் காட்டும். அதற்குமேல் இருப்பவர்கள் கண்ணுக்குப் படமாட்டார்கள். ஆகவே எண்ணிக்கையை 2,500-க்குள் கொண்டுவருவது முறையான வேலைதான். இவர் கொண்டுவந்துவிடுவார். பிறகு 1,800. பிறகு 400. பக்கத்து சீட்டுக்காரர், "போதுமே ப்ரோ, டயல் பண்ண ஆரம்பிக்கலாமே" என்பார். "ஜங்க் இருக்கு ப்ரோ." 14-க்கு வரும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும். டீ குடித்துவிட்டு வந்து மேலும் இரண்டு நாட் சேர்ப்பார். கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சுவார். அவர் ஏற்கெனவே நம் கஸ்டமர் என்று சிஆர்எம் சொல்லும்.

புதியவர்களின் பயிற்சி வகுப்பில், இந்த ஆண்ட்-ஆர்-நாட் கணக்குக்கு மூலவரான ஜார்ஜ் பூல் வராமல் போகமாட்டார். செருப்புத் தைப்பவரின் மகன், கல்லூரி வாசலை மிதிக்காதவர், 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியரானார், சிந்தனையின் விதிகளை அல்ஜீப்ராவாக்கி 1854-இல் புத்தகம் போட்டார். இதுவரை யாரும் சொல்லலாம். இவருடைய முத்தாய்ப்பு வேறு. பூலின் மனைவி மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்டின் தம்பி மகள். அந்த எவரெஸ்ட் தலைமையேற்று நடத்திய மாபெரும் நில அளவைக்கு, அவருக்கு முன்பிருந்த லாம்ப்டன் 1802 ஏப்ரலில் அடிக்கோடு போட்டது பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை. "நாம உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான்பா!" உண்மையிலேயே அழகான தகவல். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். அந்த நேரத்தில் அட்லாண்டாவில் அலுவலகம் திறந்து ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்.

ஒருமுறை முடிவு பூஜ்யம் என்று வந்தது. டெக்சாஸ் முழுவதிலும் ஒரு ஃபைனான்ஸ் தலைவர்கூட இல்லை என்று மேனேஜருக்கு மெயிலே எழுதிவிட்டார். ஸ்ட்ரிங்கை அவர் வேர்டு கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார். நேரான மேற்கோள் குறிகளை வேர்டு வளைத்து அழகுபடுத்திவிட்டிருந்தது. லிங்க்ட்இன்னுக்கு வளைந்த குறி ஆகாது. அதைக் கண்டுபிடித்தது அவரில்லை, ஹெட்செட் பிள்ளைகளில் ஒருவர்.

ஸ்ட்ரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தேடுவது ப்ரொஃபைலில் எழுதியிருப்பதைத்தான். வாங்கும் அதிகாரம் உள்ள ஆள் பெரும்பாலும் பெயர், பதவி, பழைய போட்டோ ஒன்று என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வார். எல்லாச் சொல்லையும் கொட்டி எழுதுகிறவர்கள் வேலை தேடுகிறவர்களும், சிஎஃப்ஓ-க்களுக்குச் சரக்கு விற்கிறவர்களும்தான். இவருடைய ஸ்ட்ரிங்கில் கொத்தாகச் சிக்குவது இவரைப் போன்ற சேல்ஸ் ஆட்கள். இதைச் சொன்னால், அதற்கும் ஒரு நாட் இருக்கிறது என்பார்.

இதே தளத்தில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் போட்ட கம்பெனிகளின் பட்டியலை எடுத்து, இணையதளத்தில் இருக்கும் போர்டு நம்பருக்கே அடித்து, "அக்கவுன்ட்ஸ் யார் பார்க்கிறாங்க?" என்று கேட்பாள். மீட்டிங் வாங்குகிறவள் அவள்தான். "உன் லிஸ்ட் ரொம்ப டர்ட்டிம்மா" என்பார் இவர். "சரிண்ணா" என்று அடுத்த நம்பரை அழுத்துவாள். அவளிடம் இருப்பது லிங்க்ட்இன்னின் இலவசக் கணக்கு. அதில் கொஞ்சம் அதிகமாகத் தேடினால் வணிகப் பயன்பாட்டு வரம்பு என்று கதவைச் சாத்திவிடும். அடுத்த மாதம் 1-ஆம் தேதிதான் திறக்கும். காசு கட்டி வாங்கிய சேல்ஸ் நேவிகேட்டர் சீட்டு இவர் பெயரில் இருக்கிறது. ரிவ்யூ மீட்டிங்கில் பெரிய திரையில் மேனேஜர் போட்டுக் காட்டுவது இவருடைய ஸ்ட்ரிங்கை. கைதட்டலும் அதற்குத்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இந்த ஏப்ரல் முதல் அவர் சேல்ஸ் எனேபிள்மென்ட் மேனேஜர். மற்றவர்களுக்கு ஸ்ட்ரிங் எழுதித் தருவதுதான் இனி அவருடைய முழுநேர வேலை. அவருடைய பழைய டார்கெட்டை மூன்றாகப் பிரித்து மூன்று பேர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெரிய பங்கு அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்கு. அவள் கேட்டிருந்த சேல்ஸ் நேவிகேட்டர் சீட்டுக்கு இன்னும் அப்ரூவல் வரவில்லை.