முட்டுநூல் இயல்: கருத்தரங்கக் கூடத்தில் புரொஜெக்டரை நிறுத்தும் முறைமை குறித்ததோர் ஆய்வு

முன்னுரை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் ஒரு முன்னுரை. மனிதன் தோன்றிய காலந்தொட்டே சுவரில் படம் பார்க்கும் வேட்கை அவனிடம் இருந்துவந்துள்ளது. இதற்கு ஆதாரம் தர வேண்டியதில்லை. முன்னுரையில் எழுதும் எதற்கும் ஆதாரம் கேட்கும் வழக்கம் நம்மிடையே கிடையாது.

ஆய்வின் நோக்கம், கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் புரொஜெக்டரை நிறுத்தி, எரியவைத்து, உயிர்ச்சேதமின்றி அணைப்பது. ஆய்வின் எல்லை, மேசை. கூரையில் தொங்கும் புரொஜெக்டர்கள் இவ்வாய்வில் அடங்கா. அவற்றின் ரிமோட் துறைத்தலைவர் அறை பீரோவில் இருக்கிறது. பீரோச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார். கருதுகோள், புரொஜெக்டர் வேலை செய்யும் என்பது. பொருள்களை ஐந்திணைக்குள் அடைத்து, சிக்னல் வராத புரொஜெக்டரைப் பாலையில் சேர்க்கலாம் என்ற ஆசை எழத்தான் செய்தது. அடக்கிக்கொண்டேன். அதற்கென்றே பல்கலைக்கழகங்களில் ஆள் இருக்கிறார்கள்.

வரலாறும் வேண்டுமே. 1659இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், மாய விளக்கில் காட்டுவதற்காகச் சில படங்களை வரைந்தார். எலும்புக்கூடு ஒன்று தன் மண்டையோட்டைத் தானே கழற்றுகிற காட்சி. ஆக, தலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரும் மரபு ஸ்லைடுகளின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. கருத்தரங்குகளில் அது இன்றும் பேணப்படுகிறது. நம் பக்கம் 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட், து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். சிக்னல் கிடைக்காத தொல்லை அவருக்கு அந்த உத்தியோகத்தோடு முடிந்துபோனது.

புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது? தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்துக் கிடைப்பது எறிவு விகிதம். கையேட்டில் அது 1.5 என்று இருந்தால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பது கணக்கல்ல, பிளக் பாயிண்டே என்பர் ஒரு சாரார். வயர் எட்டும் இடமே மேசையின் இடம், மேசையின் இடமே படத்தின் அளவு என்பது அவர்கள் கொள்கை. அது பொருந்தாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஒன்று உண்டு என்பர் பிறிதொரு சாரார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கே என்று கேட்டால் இரு சாராரும் மௌனம் சாதிப்பர்.

மூன்று முள் பிளக்கில் பெரிய முள் எர்த். அதை உடைத்துவிட்டு மீதியைச் செருகும் அறிஞர்களுக்கு இக்கட்டுரை விடை சொல்லாது. தொட்டதும் விரலில் சுர்ரென்று ஏறுவது சொல்லும்.

இனி, இதுவரை எந்த ஆய்வாளரும் கால்வைக்காத களம். புரொஜெக்டரை மேசைமேல் வைத்து எரியவிட்டால் படத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் மேடையிலிருக்கும் சிறப்பு விருந்தினரின் வழுக்கையில் விழும். முன்காலைத் திருகி உயர்த்தலாம். அது ஒரு விரற்கடைக்கு மேல் எழும்பாது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: “ஏதாவது புக்கு வைங்க சார்.” அறிவுக்கும் ஒளிக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

இவ்வாறு அடியில் வைக்கப்படும் நூலை முட்டுநூல் என்க. இதற்கான இலக்கணத்தை முழுமையாகப் பேசும் பழைய நூல் ‘முட்டியம்’. எழுதப்படும் முன்பே கடல்கொண்டுவிட்ட நூல் இது. ஆகவே மேற்கோள் காட்டுவதற்கு மிகவும் வசதியானது.

முட்டியம், அடிப்படைப் படலம், முதல் சூத்திரம்: நூலல்லாதன முட்டாகா. டஸ்டர் வைத்தால் சாக்பீஸ் தூள் விசிறிக்குள் போகும். டிபன் பாக்ஸ் வைத்தால் உணவு இடைவேளையில் உரியவர் வந்து உருவிக்கொள்வார். செய்தித்தாள் மடிப்பு நழுவும்.

இரண்டாம் சூத்திரம்: மெலிந்த நூலும் முட்டாகாது. ஆகவே கவிதைத் தொகுப்புகள் விலக்கு. ஐந்தாறு சேர்த்து அடுக்கலாமே எனின், அடுக்கினால் சரியும் என்கிறார் பழைய உரைகாரர். கவிஞர் கூடத்தில் இருந்தால் அவர் முகமும் சரியும் என்று இவ்விடத்து அடிக்குறிப்பு எழுதிச் சேர்க்கிறார், பழைய உரையை மறுப்பதற்கென்றே பிறந்த புதிய உரைகாரர்.

மூன்றாம் சூத்திரம்தான் உயிர்நிலை: கனத்தது, அகன்றது, எவராலும் தேடப்படாதது, இம்மூன்றும் அமைந்ததே முட்டுநூல். அகராதி கனக்கும், ஆனால் யாராவது தேடிவிடுவார்களோ என்ற ஐயம் உண்டு. வருகைப் பதிவேடு தேடப்படும், அதுவும் கையெழுத்துப் போடாதவரால். எஞ்சுவது ஒன்றே ஒன்று. முந்தைய கருத்தரங்கின் ஆய்வுக்கோவை. செங்கல் கனம், கெட்டி அட்டை, நடுவில் ஐ.எஸ்.பி.என். எண், இருபுறமும் கட்டுரையாளர்கள். ‘சங்க இலக்கியத்தில் மேலாண்மை’ என்று நூறு பேர் நூறு கட்டுரை எழுதி, நூறிலும் அதே நான்கு பாடல்களை மேற்கோள் காட்டி, பதிவுக் கட்டணம் கட்டி, தத்தம் கட்டுரை இருக்கும் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்த்துவிட்டு விட்டுப்போன தொகுதி. அடுத்த கருத்தரங்கின் படத்தைத் தலைநிமிர்த்தும் பேறு அதற்கு வாய்க்கிறது. இவ்விடத்தில் புதிய உரைகாரருக்கு மறுக்க எதுவும் கிடைக்கவில்லை. ‘இச்சூத்திரம் இடைச்செருகல்’ என்று எழுதி முடித்துக்கொள்கிறார். அதை மறுத்து, ‘இடைச்செருகல் என்ற கருத்தே இடைச்செருகல்’ என மதுரை மேலமாசி வீதிப் பழைய புத்தகக்கடையில் கிடைக்காமல் போன ஏட்டின், கறையான் தின்ற ஓரத்தில், எழுதியவராலேயே அடிக்கப்பட்ட வரி ஒன்று கூறுகிறது (முட்டியம், உரைக்குறிப்பின் உரை, கிழிந்த பகுதி, வலப்புறம்).

அறிவியல் இதில் எங்கே எனின், இங்கே. முன்பக்கத்தை மட்டும் முட்டுக்கொடுத்து உயர்த்தினால் படம் மேலே அகன்று கீழே குறுகும். மெனுவில் கீஸ்டோன் என்ற வசதி அதை நேராக்கும். ஆனால் படத்தைப் பேனலுக்குள்ளேயே சுருக்கித்தான் நேராக்கும், அதனால் தெளிவு குறையும். நான்கு காலையும் ஒரே மட்டத்தில் உயர்த்துவதே நல்லது. அதாவது ஒரு ஆய்வுக்கோவை போதாது, ஒரே கனத்தில் இரண்டு வேண்டும். நம் கல்லூரிகளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அடிப்பக்கத்தில் காற்றுத்துளை உள்ள மாடலென்றால் மட்டும் நூல் அதை அடைக்காமல் பார்த்துக்கொள்க. மூச்சு முட்டவைப்பதில் ஆய்வுக்கோவைக்கு நிகர் இல்லை.

வயர். 1987இல் வந்த விஜிஏ கேபிளில் 15 முள். அதில் ஒன்று வளைந்தாலும் போச்சு. நீலம் விட்டுப்போனால் படம் மஞ்சளடிக்கும், பச்சை விட்டுப்போனால் இளஞ்சிவப்பாகும். உடனே எழுந்து வந்து வயரை ஆட்டுபவர் ஒருவர் எல்லாக் கூடத்திலும் உண்டு. ஆட்டினால் வரும், கையை எடுத்தால் போகும். கட்டுரை முடியும்வரை அவர் வயரைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நிற்பார். சான்றிதழில் அவர் பெயர் இராது. பக்கவாட்டுத் திருகு இரண்டையும் முடுக்கியிருந்தால் அவர் உட்கார்ந்திருக்கலாம். எச்டிஎம்ஐ கேபிளில் திருகு கிடையாது, அதனால் அவருக்கு ஓய்வும் கிடையாது.

விண்டோஸ் பொத்தானோடு பி பொத்தானை அழுத்தினால் நான்கு வழி காட்டும். டூப்ளிகேட் என்பதைத் தேர்க. எக்ஸ்டென்ட் என்பதைத் தேர்ந்தால் திரையில் உங்கள் வால்பேப்பர் மட்டும் நிற்கும். அவையோர் உங்கள் குலதெய்வத்தைத் தரிசித்துக்கொண்டிருக்க, நீங்கள் லேப்டாப்பில் ஸ்லைடைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

படம் வந்தபின்னும் சோதனை தீராது. பாமினியில் தட்டிய ‘தமிழ்’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றாகிவிட்டது. தமிழ்த்துறைகளுக்குச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. புதிய உரைகாரராயிருந்தால் திரையில் நிற்கும் அந்த எழுத்துகளைச் சிந்துவெளி எழுத்தென்று வாசித்து, அடுத்த கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை தேற்றியிருப்பார்.

கடைசியாகச் சூடு. இதில் விளையாட்டில்லை. நம் கூடங்களில் இன்னும் ஓடும் பழைய புரொஜெக்டர்களில் இருப்பது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. எரியும்போது அதன் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான். அந்தச் சூட்டை வெளியேற்றும் துளைமீது பொன்னாடை விழக்கூடாது. ஆனால் விழும். விருந்தினருக்குப் போர்த்திய ஆடையை அவர் கழற்றி மடிக்காமல் மேசைமேல் போட, அது சரியாகப் புரொஜெக்டரின் பக்கத்துளையை மூட, வல்லுநர் உரையின் நடுவில் சிவப்பு விளக்கு மினுக்கி, கருவி தானே அணைந்துபோகும். பலர் இதை மின்வெட்டு என நினைத்துக் கைதட்டியும் இருக்கிறார்கள். ஃபில்டரில் படிந்த தூசியைத் தட்டாவிட்டாலும் கதை இதுதான். எரியும் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். விளக்கு வெடித்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்து, ஆட்களை வெளியேற்றுங்கள். உள்ளே இருப்பது பாதரசம்.

அணைத்ததும் விசிறி சிறிது நேரம் ஓடுவது விளக்கை ஆறவைக்கத்தான். ஆறுமுன் கரண்டைப் பிடுங்கினால் விளக்கின் ஆயுள் குறையும், புது விளக்குக்கு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். ஆகவே, நாட்டுப்பண் முடிந்த கையோடு மெயின் சுவிட்சை நோக்கி நடக்கும் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், விசிறி ஓயட்டும், பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். அடியிலிருக்கும் புத்தகங்களை எடுத்துவைக்க வேண்டாம். யாரும் கேட்க மாட்டார்கள்.