புதுச் சைக்கிள் வீடு வந்து சேரும் முறை: இரு வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் என்று நம் வீட்டு நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் அறிஞர்கள் அலசிக் காயப்போட்டுவிட்டார்கள். அவற்றில் எதற்கும் குறையாத அமர்க்களத்தோடு நடந்துவந்த புதுச் சைக்கிள் வருகையை மட்டும் தெருவிலேயே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, மாப்பிள்ளையைவிட அதிகம் சுமக்கக்கூடிய ஒன்று வாசலில் வந்து நிற்பது கண்ணில் படவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைக் கொஞ்சம் போக்க முயல்கிறது.

ஆய்வுக்களம் புதுக்கோட்டை. காலம் 1981 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை. மாதிரிகள் இரண்டு: அலுவலகத்தில் சைக்கிள் அட்வான்ஸ் போட்டு அப்பா தனக்கு வாங்கிய 24 இஞ்ச் பிரேம் கொண்ட கறுப்பு வண்டி, அதே சூட்டில் எனக்கு வாங்கிய 22 இஞ்ச் பச்சை வண்டி. ஆய்வாளருக்கு அப்போது வயது 13. முந்தைய இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பெயரிலிருந்து தொடங்குவதுதான் மரபு. மிதிவண்டி என்கிறது பாடப்புத்தகம். ஈருருளி என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் அது துவிச்சக்கர வண்டி. பிளஸ் ஒன் மாணவிக்கு அரசு கொடுப்பது விலையில்லா மிதிவண்டி. அதை அவள் வீட்டுக்கு உருட்டி வந்ததும் அது ‘கவர்மென்ட் சைக்கிள்’ ஆகிவிடுகிறது. பெயராய்வில் இதற்குமேல் ஒன்றும் கிடைக்காது. கடைக்குப் போவோம்.

இன்றைய வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று சைக்கிள், சைக்கிளாகக் கடையில் நிற்காது. பிரேம் ஒரு பக்கம் உத்தரத்தில் தொங்கும். ரிம்கள் வளையல் மாதிரி ஆணியில் கோத்திருக்கும். செயினும் பெடலும் எண்ணெய்த் தாளுக்குள் இருக்கும். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்தோ, லூதியானாவிலிருந்தோ வந்த உதிரிகளை நம் கண்ணெதிரே ஒன்றாக்கித் தருவார் கடைக்காரர். அதற்குப் பெயர் பிட்டிங். இன்ன கேரியர், இன்ன ஸ்டாண்டு, இன்ன பெல் என்று நாம் சொல்லச் சொல்லப் பூட்டுவார். அளவெடுத்துத் தைத்த சட்டை போல, அளவெடுத்துப் பூட்டிய வண்டி.

யாருடைய அளவு என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி.

மேலைநாட்டார் ஓட்டுகிறவனை அளக்கிறார்கள். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் ஒரு சூத்திரம் உண்டு. கவட்டிலிருந்து பாதம் வரை அளந்து அதை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருப்பது நல்லது என்று கோணமானி வைத்தும் பார்க்கிறார்கள். சென்னையில் என் அக்கா மகன் அண்மையில் இப்படி ஒன்றரை மணி நேரம் அளக்கப்பட்டு, அதற்குத் தனியாகப் பணமும் கட்டிவிட்டு வந்தான்.

அப்பாவும் அளந்தார். கடையில் என்னைப் பிரேமுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அன்று என் கவட்டளவு 68 சென்டிமீட்டர். சூத்திரப்படி சீட் 60-இல் இருக்கவேண்டும். 22 இஞ்ச் பிரேமில் ஸ்பிரிங் சீட்டை அடியோடு இறக்கினாலும் அது 66-இல் நின்றது.

“பையனுக்குக் கால் எட்டாது சார். சின்ன வண்டியாப் பாத்துருவோம்” என்றார் கடைக்கார பாய்.

“வளர்ற பிள்ளை பாய். கால் வந்துரும், போடுங்க” என்றார் அப்பா.

பள்ளிச் சட்டைக்கும் கால்சட்டைக்கும் அப்பா கையாண்ட கொள்கை இதேதான். லெமாண்ட் இருக்கிற காலை அளந்தார். அப்பா வரப்போகிற காலை அளந்தார். 66-ஐ 0.883-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 75 வரும். அதாவது நான் 7 சென்டிமீட்டர் பாக்கி வைத்திருந்தேன்.

காலுக்குச் செய்த கணக்கு இவ்வளவுதான். மற்ற உறுப்பினர்களின் அளவுக்கே நேரம் பிடித்தது. கேரியர் அகலமாக இருக்கவேண்டும் என்றார் அப்பா, அது அம்மாவுக்கு. முன் பாரில் ஒரு குட்டி சீட், அது தம்பிக்கு. பின் சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க வலை, அதுவும் அம்மாவுக்கு. பெரிய ஸ்டாண்டு ரேஷன் அரிசி மூட்டைக்கு. பூட்டு, இரவல் கேட்கும் எதிர்வீட்டு மாமாவுக்கு. பெல் தெருநாய்களுக்கு. டைனமோவும் விளக்கும் போலீஸ்காரருக்கு. டைனமோ என்பது டயரில் உரசி மின்சாரம் எடுக்கும் கருவி. வண்டி ஓடினால்தான் விளக்கு எரியும். ‘நிறுத்து’ என்று போலீஸ்காரர் கைகாட்டுவார், நிறுத்துவோம், விளக்கு அணையும், ‘ஏன்டா விளக்கு இல்லை’ என்பார். இந்தத் தர்க்கச் சிக்கலை எந்தப் பல்கலைக்கழகமும் இன்றுவரை ஆராயவில்லை.

ஆக, ஓட்டுகிறவனுக்கென்று வண்டியில் மிஞ்சியவை இரண்டு பெடல்கள். இது நம் ஊர்க் கோணல் என்று நினைக்கவேண்டாம். வண்டியை வடிவமைத்தவர்களுக்கே இது தெரியும். பழைய பாணி வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. அந்த எட்டுக் கம்பிகள் யாரை எதிர்பார்த்து நிற்கின்றன என்று கேரியரில் உட்கார்ந்து பழகிய எவரும் சொல்லுவார்.

பூட்டும்போது மேற்பார்வை மிக முக்கியம். நல்ல சாமானைக் காட்டிவிட்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்பது அப்பாவின் தளராத நம்பிக்கை. பாய் நாணயமானவர் என்று அவரே ஊரெல்லாம் சொல்லுவார். ஆனாலும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். பின் அச்சில் கிரீஸ் தடவிப் பால்ரஸ்களை ஒவ்வொன்றாகப் பதித்தார் பாய். பக்கத்துக்கு ஒன்பது. அப்பா உதடு அசையாமல் எண்ணினார். ஒன்பதாவது விழுந்ததும் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் பாயால் மறுபக்கம் போக முடிந்தது. பத்தரை மணிக்கு ராகுகாலம் தொடங்குவதால் அதற்குள் முன்பணம் கைமாறிவிட்டது. பூட்டி முடிய மூன்றரை மணி. நடுவில் நாலு டீ.

கடைசி வேலை கோட்டம் எடுப்பது. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, எங்கே இடிக்கிறதோ அங்கே கம்பியை ஒரு சுற்று முறுக்குவார். இடிக்காமல் ஓடும்வரை திரும்பத் திரும்ப. ரிம் ஒரே கோடாகச் சுழன்றபோது அந்தக் கடையில் யாரும் பேசவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஆய்வாளர் கிண்டல் செய்யவில்லை என்பதைக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

இனி ஊர்வலம். கடையிலிருந்து வீடு 2 கிலோமீட்டர். பெரிய வண்டியின் முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல். 28 இஞ்ச் சக்கரத்தோடு கணக்குப் போட்டால் பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகும். எனவே வீடு வரத் தேவையான பெடல் சுற்றுகள் ஏறத்தாழ 365. நிகழ்ந்தவை: பூஜ்யம். இரண்டு வண்டிகளையும் தள்ளிக்கொண்டே வந்தோம்.

காரணம் கேட்டதற்கு, “பூஜை போடாம ஏறக்கூடாது” என்றார் அப்பா. அது பாதிக் காரணம்தான். ஏறி மிதித்தால் பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடும். தள்ளிக்கொண்டு வந்தால் வழியில் 14 பேர் ‘புதுசா?’ என்று கேட்பார்கள். கேட்டார்கள். ‘ரெண்டுமா?’ என்று கேட்டவர்கள் 11 பேர். மூவர் பெல்லை அடித்துப் பார்த்தனர். ஒருவர் டயரை அமுக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதைப் பற்றி இரவு சாப்பாட்டில் வெகுநேரம் விவாதம் நடந்தது. 1817-இல் மன்ஹைம் நகரத்தில் கார்ல் பொன் டிரைஸ் தன் இருசக்கர இயந்திரத்தை முதன்முதலாக ஓட்டிக்காட்டியபோது அதில் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித்தான் போனார். புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் அந்த மரபு அன்று அப்படியே காப்பாற்றப்பட்டது. டிரைஸாவது உட்கார்ந்திருந்தார்.

வாசலில் சந்தனம், குங்குமம், கற்பூரம், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். அப்பாவின் வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு கம்பீரமாக நகர்ந்தது. என் வண்டிக்கு வைத்த ஒரு பழம் நசுங்காமல் சாக்கடைக்கு உருண்டது. பாட்டி அதைப் பார்த்தாள், நல்லவேளை, பேசவில்லை.

பிறகுதான் தாள். புதுச் சைக்கிளின் பிரேம் குழாய்களில் பழுப்புத் தாள் சுற்றி வரும். பெயின்ட் கீறாமலிருக்கக் கம்பெனி சுற்றுவது. வீட்டுக்கு வந்ததும் உரித்துவிட வேண்டியது. ஆனால் தாள் இருக்கும்வரைதான் வண்டி புதுசு என்பது எங்கள் தெருவின் எழுதப்படாத சட்டம். உரித்தவன் ஊதாரி. அப்பா மூன்று இடங்களில் நூல் வேறு கட்டினார். ஆவணி போயிற்று, புரட்டாசி வந்தது. ஆயுத பூஜைக்குத் தாளின் மேலேயே விபூதிப் பட்டை போட்டோம். ஐப்பசி மழையில் தாள் நனைந்து ஊறிக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. தீபாவளிக்கு முதல் நாள் உரித்தபோது, ஈரம் நின்ற இடமெல்லாம் பெயின்ட் பொரிந்து துரு. காப்பாற்றச் சுற்றியதே அரித்துவிட்டது என்று யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாள் இருந்ததாலதான் இந்த மட்டோட போச்சு” என்றார்.

வண்டி ஓட்டியதைப் பற்றி எழுத அதிகமில்லை. கால் எட்டாதவர்களுக்கென்றே நம்மிடம் ஒரு முறை உண்டு: பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து மிதிப்பது. குரங்கு பெடல். உடம்புக்கு ஏற்ற வண்டி கிடைக்காவிட்டால் வண்டிக்கு ஏற்ப உடம்பை மாற்றிக்கொள்ளும் இந்தக் கலையைக் கோணமானிக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். சீட்டில் உட்காராமலேயே அந்தப் பச்சை வண்டியில் நான் ஓர் ஆண்டு பள்ளிக்குப் போனேன்.

முன் பாரைப் பற்றி ஒரு துணைக்குறிப்பு. பாவாடையும் புடவையும் கட்டுகிறவர்களுக்கு அது ஆகாது என்று அக்காவை வண்டிப் பக்கமே விடவில்லை. பதினொரு ஆண்டு கழித்து, 1992-இல், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களைக் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்க வைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த ஜென்ட்ஸ் வண்டியில் ஏறினார்கள். பிறகு பலர் அதுவே நல்லது என்றார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால். அக்கா கற்றுக்கொண்டது அப்பாவின் அதே 24 இஞ்ச் வண்டியில். அவள் மகனை அந்தப் பாரில்தான் வைத்து ஓட்டினாள். கோணமானிக்குக் காசு கட்டினானே, அவன்தான்.

என் பாக்கி 7 சென்டிமீட்டரும் அடைபட இரண்டு ஆண்டும் சில மாதங்களும் ஆயின. ஒருநாள் காலை சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களும் பெடலின் அடிவரை போய் வந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நான் சொல்லலை?” என்றார். அடுத்த ஜூனில் நான் படிக்கத் திருச்சி விடுதிக்குப் போனேன். வண்டி தம்பிக்குப் போயிற்று. அவனுக்கு 9 சென்டிமீட்டர் குறைந்தது.