மூலக்கதைக்காரர்

அம்பத்தூர் ராக்கியிலோ முருகனிலோ படம் தொடங்கி, புகைபிடிக்காதே என்ற எச்சரிக்கையும் நன்றி அட்டைகளும் முடிந்து பெயர்கள் ஓடும்போது கொட்டகையே பாப்கார்ன் பொட்டலத்தில் கையை விட்டுக்கொண்டிருக்கும். நடிகர் பெயருக்கு விசில், இசையமைப்பாளர் பெயருக்குக் கைதட்டல். 'மூலக்கதை' என்ற சொல் வந்து அதன் கீழே ஓர் எழுத்தாளர் பெயர் தெரிந்தால் மட்டும் ஓரத்து இருக்கையிலிருந்து தனியாக ஒரு கைதட்டல் கேட்கும். கூடவே, பக்கத்தில் இருப்பவரின் விலாவில் ஒரு முழங்கை இறங்கும்.

"நாவல் படிச்சிருக்கியாப்பா?"

படிக்கவில்லை என்று சொன்னால் மூன்று மணி நேரம் விளக்கவுரை. படித்திருக்கிறேன் என்று சொன்னால் மூன்று மணி நேரம் வாய்மொழித் தேர்வு. அவர்தான் மூலக்கதைக்காரர்.

பட்டாபிராமிலிருந்து கொரட்டூர் வரை லோக்கல் ரயில் நிற்கிற எல்லா ஊரிலும் இவர் உண்டு. பூந்தமல்லிப் பக்கம் லோக்கல் இல்லாததால் பஸ்ஸில் கிடைப்பார். பெரும்பாலும் ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றிலோ இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவராக இருப்பார். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பணிக்காலம் முழுக்க ஒரு கையில் டிராயிங், மறு கையில் வெர்னியர் என்று நின்றவர். டிராயிங்கில் உள்ளபடி ஜாப் வந்திருக்கிறதா, டாலரன்ஸுக்குள் அடங்குகிறதா, இல்லையென்றால் ரீவொர்க்கா ரிஜெக்டா என்று பார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பென்ஷன் வந்த மறுநாள் டிராயிங் இருந்த கையில் நாவல் ஏறிக்கொண்டது. எதிரே வந்து விழுகிற ஜாப் எல்லாம் சினிமா.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தபோது ஊரே ஆதித்த கரிகாலனின் குதிரையையும் நந்தினியின் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் கடம்பூர் மாளிகை வந்த நேரம் முதல் தலையைத் திருப்பித் திருப்பி ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். "மணிமேகலை எங்க?" என்று இடைவேளையில் கேட்டார். கேன்டீன் பையனுக்குத் தெரியவில்லை. அடுத்த பாகத்தில் வருவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தார். 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வந்து போயிற்று. கந்தமாறன் இருக்கிறான், அவன் தங்கை மட்டும் இல்லை. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணையே மேடையில் காணோம் என்றாலும் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

இந்தக் கறார் ஒரு நாளில் வந்ததன்று. ஜெனரல் ஷிஃப்டுக்குப் போகவும் வரவும் ரயிலில் படித்தது ஒரு பக்கம். ஸ்டேஷன் கடையில் தொங்கிய மாத நாவல்களில் ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் ஆவடியில் பிரித்து, கொலைகாரன் யார் என்று தெரியாமல் இறங்க மனமில்லாமல் வில்லிவாக்கம் வரை போனவர்கள் இந்தத் தலைமுறையில் ஏராளம். இன்னொரு பக்கம், மூர் மார்க்கெட். பழைய புத்தகத்தின் தலைநகரமாக இருந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று நம் ஆவடி லோக்கல் போய் முட்டி நிற்கிற ஸ்டேஷன் இருக்கிறது. நடைமேடையில் இறங்கும்போதெல்லாம் மூலக்கதைக்காரர் ஒரு தூணைக் காட்டி, "இங்கதான் எனக்குக் 'கடல் புறா' கிடைச்சுது" என்பார். ஒவ்வொரு தடவையும் வேறு தூண்.

அவர் வீட்டுப் பரணில் விலைமதிப்பற்ற சொத்து ஒன்று இருக்கிறது. பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்த பைண்டு வால்யூம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வன் அத்தியாயங்கள். நடுவில் மணியம் வரைந்த படங்கள். ஒரு பக்கம் வந்தியத்தேவன் பாய்ந்தால் மறு பக்கம் ஹேர் ஆயில் விளம்பரம். மாமனார் வழியில் வந்தது. தம் கல்யாணத்தில் தமக்குக் கிடைத்த முக்கியமான ஐட்டம் அதுதான் என்று ஒரு முறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். மணிரத்னம் என்ன உடுத்தினாலும் என்ன பூட்டினாலும் குந்தவையை அவர் மணியத்தின் கோட்டோடுதான் ஒப்பிடுவார். திரிஷா எவ்வளவோ பாடுபட்டும் கொண்டை டாலரன்ஸுக்குள் வரவில்லை.

சுஜாதா விஷயத்தில் காயம் இன்னும் பழையது. 'பிரியா' நாவல் லண்டனில் நடக்கிறது. 1978இல் வந்த படம் சிங்கப்பூரில் நடக்கிறது. வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த். இவர் ரஜினியின் பரம ரசிகர், கணேஷின் பரம பக்தர். இரண்டு பேரும் ஒரே ஆளாக வந்து நின்றபோது யாரை விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் திணறியிருக்கிறார். "கணேஷ் பாட்டெல்லாம் பாட மாட்டான்ப்பா. ரஜினி பாடலாம். அதான் பிரச்சனை." அந்த வழக்கில் இன்று வரை தீர்ப்பு எழுதவில்லை.

முடிவைச் சொல்லக்கூடாது என்ற நாகரிகத்தை இவர் ஏற்பதில்லை. "ராமாயணத்துல ராவணன் சாவான்னு தெரிஞ்சுதானே உக்காந்து கேக்கறோம்?" என்பார். பதில் சொல்வது கஷ்டம். 2019இல் 'அசுரன்' பார்க்கும்போது, அடுத்து நடக்கப்போவதை எல்லாம் ஒரு காட்சி முன்னதாக அறிவித்துக்கொண்டே வந்தார். முன் வரிசை திரும்பி முறைத்தது. தனுஷ் இளைஞராக மாறி ஃப்ளாஷ்பேக் தொடங்கியதும் திடீரென்று வாயடைத்துவிட்டார். படத்துக்கு மூலமான, பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை'யில் அந்தப் பகுதி இல்லை. "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று தமக்குள் முனகியபடி, சாதாரண ரசிகரைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்ததும், "சிதம்பரத்துக்குப் பதினஞ்சு வயசுப்பா, கதை அவன் கதை. இதுல அப்பனைப் பெரிசாக்கிட்டாங்க. ரீவொர்க் பண்ணிருக்கணும்" என்று சீட்டு எழுதினார். என் கருத்து வேறு. அந்த ஃப்ளாஷ்பேக் இல்லாமல் படம் நின்றிருக்காது. ஆனால் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் இன்று 'வெக்கை' இருப்பதற்குக் காரணம் படமா இவருடைய முனகலா என்று கேட்டால், முனகலுக்குத்தான் என் ஓட்டு.

கணக்கிலும் புலி. 'விடுதலை' இரண்டு பாகமாக வந்தபோது பேனா எடுத்துவிட்டார். "கல்கி எழுதினது அஞ்சு பாகம். அதுக்கும் ரெண்டு படம். ஜெயமோகன் எழுதின 'துணைவன்' ஒரு சிறுகதை. அதுக்கும் ரெண்டு படம். இந்த ரேட்டுல போனா பொன்னியின் செல்வனுக்கு எத்தனை படம் வந்திருக்கணும்?" பக்கத்து வீட்டு ஆடிட்டரிடம் போட்டுக் காட்டினார். ஆடிட்டர் வரிவிலக்கு உண்டா என்று கேட்டார்.

'வாடிவாசல்' பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. சி.சு. செல்லப்பா எழுதிய சின்னஞ்சிறு புத்தகம். ஆவடியில் பிரித்தால் சென்ட்ரலில் மூடிவிடலாம். வெற்றிமாறன், சூர்யா என்று அறிவிப்பு வந்த அன்றே ஒரு தடவை படித்துத் தயாரானார். அதற்குப் பிறகு எப்போது அந்தப் படத்தைப் பற்றிச் செய்தி வந்தாலும் மறுபடி படித்துத் தயாராகிறார். இப்போது காளை எந்தப் பக்கத்தில் திரும்புகிறது என்று பக்க எண்ணோடு சொல்வார். படம் வந்தபாடில்லை.

நடிகர் தேர்வு இவருடைய நிரந்தரப் பொழுதுபோக்கு. எம்.ஜி.ஆர். 1958இல் பொன்னியின் செல்வனைப் படமாக்கப் புறப்பட்ட காலம் தொட்டு மூலக்கதைக்காரர் பரம்பரை வந்தியத்தேவனுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தது. கார்த்தி வந்து அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்ததும் கை நமநமத்தது. இப்போது 'வேள்பாரி'. சு. வெங்கடேசன் விகடனில் நூறு வாரத்துக்கு மேல் எழுதிய தொடர். உரிமை ஷங்கரிடம் இருக்கிறது. காலை லோக்கலில் பாரிக்கு யார், கபிலருக்கு யார் என்று அண்ணனூரில் தொடங்கும் விவாதம் பெரம்பூர் வரை சூடு ஆறாது. பாரிக்குத் தினம் ஒரு நடிகர் வருவார், போவார். கபிலர் வேஷத்துக்கு மட்டும் இவர் யாரையும் சொல்லுவதில்லை. ஜன்னல் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து மோவாயைத் தடவிக்கொள்வதோடு சரி.

இவரை உண்மையிலேயே நிராயுதபாணியாக்குவது மூலக்கதை இல்லாத படம்தான். கையில் டிராயிங் இல்லாமல் ஜாப் மட்டும் வந்து நின்றால் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? 2024இல் இது வரிசையாக நடந்தது. ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரே நாளில் 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் வந்தன. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. "புத்தகம் படிக்கிற மாதிரியே இருக்கு" என்று பாஸ் போட்டார். 'வாழை'க்கு அழுதார். அழுத இரண்டொரு நாளில், தம் 'வாழையடி' கதையின் சாயல் படத்தில் இருப்பதாக சோ. தர்மன் சொல்ல, மாரி செல்வராஜும் அந்தக் கதையை எல்லாரும் படியுங்கள் என்று சொல்லிவிட்டார். மூலக்கதைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவருக்கு வேலை வந்துவிட்டது.

செப்டம்பரில் 'லப்பர் பந்து'. எந்த மூலமும் இல்லை. கொட்டகையில் குழந்தைபோலச் சிரித்து, மாமனாரும் மருமகனும் மோதுகிற இடத்தில் இருக்கையிலிருந்தே பேட் சுற்றினார். அடுத்த வாரம் 'மெய்யழகன்'. அதற்கும் புத்தகமாக வந்த மூலம் இல்லை. முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு, அரவிந்த்சாமியைவிடக் கூடுதலாகக் கலங்கி, சொந்த ஊரில் பல வருடமாகப் பேசாத ஒரு சித்தப்பா மகனுக்குப் போன் செய்தார். நீளம் அதிகம் என்று பேச்சு கிளம்பி, சில நாளில் பதினெட்டு நிமிடம் போலப் படத்தைக் குறைத்தார்கள். அங்கேதான் மனிதர் மலர்ந்தார். குறைத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "நீ பாத்தது முழுசா இல்லப்பா. நான் பாத்ததுல இன்னும் நெறைய இருந்துச்சு" என்றார். மூலம் இல்லாத படத்துக்கும் ஒரு மூலம் கிடைத்துவிட்டது. அது இவர் தலைக்குள் இருக்கிறது.

வீட்டம்மா இதையெல்லாம் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார். "ஏங்க, பிடிச்சுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க." அந்தக் கேள்விக்கு மட்டும் இவரிடம் பதில் இருந்ததில்லை. அந்த அம்மாள் பொன்னியின் செல்வனில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆழ்வார்க்கடியானின் உள்நோக்கம் முதல் பூங்குழலியின் படகு வரை எல்லாம் தெரியும். குக்கர் சத்தத்துக்கு நடுவே கேட்டே மனப்பாடம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சிக்கு இவர் கிளம்பும்போது கையில் இரண்டு கட்டைப்பை கொடுத்து அனுப்புவதும் அவர்தான். பத்து சதவீதக் கழிவில் மிச்சம் பிடித்ததாக இவர் சொல்லும் தொகையை நம்பாதவரும் அவர்தான்.

அண்மையில் காலை லோக்கலில் இவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்தான். எஸ்டேட் ஐ.டி. கம்பெனி அட்டை கழுத்தில். மடியில் தடியாகப் பொன்னியின் செல்வன், நாட்டுடைமைக்குப் பிறகு ஆளுக்கு ஆள் போட்ட மலிவுப் பதிப்புகளில் ஒன்று. மூலக்கதைக்காரர் முகத்தில் சூரியன் உதித்தது.

"எத்தனாவது பாகம்ப்பா?"

"அஞ்சாவது சார். நேத்து நைட்டு முடிச்சிட்டேன்."

"எப்படி?"

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா கல்கி நெறைய மாத்திட்டாரு."

"யாரு?"

"கல்கி சார். படத்துல ரகுமான்தான் மதுராந்தகன், அவருக்குத்தான் பட்டம் கட்டுவாங்க. இதுல பூமாலை கட்டுற அந்தச் சேந்தன் அமுதன்தான் நெஜ வாரிசுன்னு சொல்லி, அவனை ராஜாவாக்கிட்டாங்க. மணிமேகலைன்னு ஒரு பொண்ணு வேற. எக்ஸ்ட்ரா."

மூலக்கதைக்காரரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் எதிர் இருக்கையில் 'கொலை வாள்' படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி புத்தகத்தைப் படாரென்று மூடினார். "தம்பி, நான் இப்பத்தான் மூணாவது பாகத்துல இருக்கேன்."

இவர் இளைஞன் பக்கம் பாய்ந்தார். "அறிவிருக்காப்பா? முடிவைப் போய் இப்படியா நடுவண்டியில போட்டு உடைக்கிறது?" பிறகு எதிர் இருக்கைக்குத் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. அது பெரிய விஷயமே இல்ல. கடைசில மணிமேகலை சாகற இடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் முக்கியம்."