மிஷின் வைத்திருப்பவர்

அடுக்ககச் சங்கத்தில் செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குத் தேர்தல் உண்டு. ‘மிஷின் வைத்திருப்பவர்’ பதவிக்கு மட்டும் கிடையாது. அது தானாக ஒருவர் தலையில் வந்து இறங்கும். ஐம்பதை நெருங்கும் வயது, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம், அப்பா காலத்துத் திருப்புளி ஒன்று, சமையலறைப் பரணில் கழன்று தொங்கும் கதவு ஒன்று. இவ்வளவும் ஒரே வீட்டில் சேர்ந்தால் போதும்.

கதவு தொங்கத் தொடங்கிய அன்று வீட்டம்மா சொன்னது, “என்னங்க, ஆசாரியைக் கூப்பிடுங்க” என்றுதான். நம்மவர் கூப்பிட்டார். “நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்” என்றார் ஆசாரி. சென்னை ஆசாரிகள் சொல்லும் நாளை எந்தப் பஞ்சாங்கத்திலும் வராத நாள். அப்படிச் சில நாளைகள் கழிந்த ஓர் இரவில்தான் நம்மவர் போர்வைக்குள் செல்போனைத் திறந்து, பேட்டரியில் ஓடும் திருகு மிஷின்களைப் பார்க்க ஆரம்பித்தார். கழன்றிருந்தது ஒரே ஒரு கீல். காணாமல் போனவை இரண்டு ஸ்க்ரூ.

பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு பொருத்தம் பார்த்ததில்லை. வோல்ட் என்ன, ஆம்பியர் ஹவர் என்ன, எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு, மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். பிரஷ்லெஸ் மோட்டார் நீடித்து உழைக்கும், பேட்டரியைக் குறைவாகக் குடிக்கும், அதனால் விலை கூட என்று சாப்பாட்டு மேஜையில் விளக்கினார்.

“ஒண்ணு இல்லாததுக்கு எதுக்குங்க கூடக் காசு?” என்றார் அம்மணி.

இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லப்படவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் நோட்டில் அடித்துவிட்டார்.

வோல்ட் விஷயத்தில் இந்த வர்க்கத்தார் படும் பாடு தனி. ஒரு மிஷினில் 12 என்று எழுதியிருக்கும். உள்ளே மூன்று லித்தியம் செல்கள், ஓடும்போது 10.8 வோல்ட். இன்னொன்றில் 20, உள்ளே ஐந்து செல்கள், உண்மையில் 18. இதுவரைக்கும் பரவாயில்லை, முழு சார்ஜில் ஒரு கணம் நிற்கும் அளவைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்று விட்டுவிடலாம். மலிவு மிஷின்களில் 48, 88, 128 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் மயக்கம் வரும். பிரித்துப் பார்த்தால் அங்கேயும் பெரும்பாலும் அதே ஐந்து செல்கள்தான் உட்கார்ந்திருக்கும். நம்மவர் முதலில் 128-ஐத்தான் விரும்பினார். எண் பெரியது, விலை சிறியது. வேறென்ன வேண்டும் ஒரு குடும்பஸ்தனுக்கு?

அதிலிருந்து தப்பியவர் அடுத்த பள்ளத்தில் விழப் பார்த்தார். பெயர் பெற்ற கம்பெனி மிஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ராத்திரி பதினொன்றரைக்கு ஆர்டர் போட்டுவிட்டு, காலையில் காப்பியோடு உட்கார்ந்து மறுபடி படித்தார். பேட்டரியும் சார்ஜரும் தனி. இரண்டையும் சேர்த்தால் மிஷினின் விலையையே தாண்டியது. ஆர்டரை ரத்து செய்துவிட்டு, எதையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே நம் மரபு என்று அறிவித்துவிட்டு பிராட்வேக்குக் கிளம்பினார்.

அங்கே லிங்கிச் செட்டித் தெருக் கடைக்காரர்கள் ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருந்தால் வாத்தியார். நோட்டு இருந்தால் இவர்.

“என்ன வேலைக்கு சார்?”

பல ராத்திரிகள் தூக்கம் கெட்டுப் படித்ததில் இந்தக் கேள்வி மட்டும் வந்திருக்கவில்லை. “வீட்டு வேலைக்குத்தான்” என்றார்.

“செவுத்துல ஓட்டை போடவா, ஸ்க்ரூ முடுக்கவா?”

“ரெண்டுக்கும்.”

“அப்ப ட்ரில் எடுத்துக்குங்க சார். ஹேமர் மோட் இருக்கும்.”

“இல்ல, எனக்கு இம்பாக்ட் டிரைவர்தான் வேணும்.”

“சார், இம்பாக்ட் ட்ரில் வேற, இம்பாக்ட் டிரைவர் வேற.”

கடைக்காரர் சொன்னது நியாயம். ட்ரில்லின் அடி முன்பக்கமாகச் சுவருக்குள் இறங்கும். டிரைவரின் அடி சுற்றுகிற திசையில் விழும். உள்ளே குட்டியாக ஒரு சுத்தியல், ஒரு பட்டடை, ஒரு சுருள்வில். ஸ்க்ரூ சாதுவாகப் போகிறவரை எல்லாம் சேர்ந்து சுற்றும். அது முரண்டு பிடித்தால் சுத்தியல் பின்வாங்கி, சறுக்கி வந்து பட்டடையை மோதும். நிமிடத்துக்கு 3,000 தடவைக்கு மேல். எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கட்டு திருகிக்கொள்ளாது. மரத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் அருமையான ஆயுதம். நம் ஊர் கான்க்ரீட் லிண்டலில் ஓட்டை போட இதைக் கொண்டுபோனால் லிண்டல் சிரிக்கும். இதே தத்துவத்தைப் பைக் மெக்கானிக்குகள் பேட்டரி இல்லாமலே நெடுங்காலமாக நடத்தி வருகிறார்கள். இஞ்சின் மூடியில் இறுகிப்போன ஸ்டார் ஸ்க்ரூவின் மேல் ஒரு குட்டைத் தடியை வைத்து, பின்னால் ஒரே போடு; அடி திருகலாக மாறி ஸ்க்ரூ கழன்று வரும். அதன் பெயரும் இம்பாக்ட் டிரைவர்தான்.

விளக்கம் முடிந்ததும் நம்மவர் தெளிந்த முகத்தோடு, “சரி, டிரைவரே குடுங்க” என்றார். வாங்க வந்தவரிடம் வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் எத்தனை தடவைதான் சொல்வார்?

எடையில் மட்டும் அவர் புத்திசாலியாக நடந்துகொண்டார். இதை எழுதும் எனக்கே கொஞ்சம் பொறாமை. அட்டையில் போட்டிருக்கும் எடை சில நேரம் பேட்டரி இல்லாத எடை என்று படித்திருந்தார். அதனால் பேட்டரியை மாட்டச் சொல்லி, கையைத் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத பரணில் இல்லாத ஸ்க்ரூவைக் குறிபார்த்தபடி நின்றார். பெரிய பேட்டரி போட்ட 18 வோல்ட் மிஷின் ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. தோள்பட்டை சீக்கிரமே முனகியது. 12 வோல்ட் மிஷின் ஒரு கிலோ சுமார். அதிலேயே 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு. வீட்டில் பீரோ, கட்டில், பரண் தவிர எதையும் திருகப்போகாத மனிதனுக்கு அதுவே அதிகம். கடைப் பையன் டீ குடித்து முடிக்கும்வரை கையைத் தூக்கியே நின்றுவிட்டு, சின்னதை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ட்ரில்லுக்கான உருண்டைக் காம்பு பிட் எதுவும் இதில் நிற்காது. இதற்குக் கால் இஞ்ச் அறுகோணக் காம்பு வேண்டும். அதுவும் அடி தாங்கும் ரகம். திரும்பவும் பிராட்வே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று மாடிக்கும் தூக்கம் கலைந்தது. இந்த மிஷின் அடிக்க ஆரம்பித்தால் எழும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் அடுக்ககத்துக்கு அவர் பதவியேற்ற சேதி தெரிந்தது. பரண் கதவின் கீலுக்கு வருகிறேன். அந்தப் பலகை அசல் மரமல்ல, தூளை ஒட்டி அழுத்திய பலகை. ட்ரில் டிரைவரில் இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்ளும் கிளட்ச் இருக்கும். அவர் வாங்கிய மிஷினில் விரல்தான் கிளட்ச். முதல் ஸ்க்ரூ கண்மூடித் திறப்பதற்குள் தலைவரை இறங்கி, அங்கேயும் நிற்காமல் சுற்றி, பலகையை மாவாக்கிவிட்டு லொடலொடவென்று நின்றது. இரண்டாவதும் அப்படியே. உற்சாகம் குன்றாமல் கூடத்துச் சுவிட்ச் போர்டை இறுக்கப் போனார். பிளாஸ்டிக் தகடு மூலைக்கு மூலை விரிந்தது.

“நல்லாத்தானேங்க இருந்துச்சு அது?”

“ஸ்க்ரூ லூசா இருந்துச்சு.”

அக்கம்பக்கத்தார் இரவல் கேட்டு வந்தார்கள். இங்கேதான் இந்த வர்க்கத்தின் தலையாய குணம் வெளிப்படும்: மிஷினைத் தனியாக எங்கும் அனுப்பமாட்டார்கள். கட்டில் பூட்ட வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். “மிஷினோட நானும் வர்றேன் தம்பி” என்று செருப்பை மாட்டினார். கட்டிலைப் பூட்டி, பிரஷ் பற்றி உரையாற்றி, காப்பி குடித்து, இரவு ஒன்பதுக்குத் திரும்பினார்.

ஒரு நாள், யாரும் கூப்பிடாமலே ஆசாரி வந்து நின்றார். பரணைப் பார்த்தார். மாவாகிப்போன ஓட்டைகளைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, நாகரிகம் தெரிந்தவர். ஓட்டையில் பசை விட்டு மரக்குச்சியைச் செருகிக் காயவைத்தார். பிறகு பெஞ்சின்மேல் இருந்த மிஷினை எடுத்துக் கையில் ஆட்டிப் பார்த்தார்.

“கைக்கு லேசா இருக்கே சார். நல்லாப் பாத்து எடுத்திருக்கீங்க.”

நம்மவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அன்று முழுக்க ஆசாரி ஏணிமேல், அவர் கீழே. “சார், எட்டு நம்பர்ல நாலு குடுங்க”, “சார், அந்தப் பென்சிலை எடுங்க”, “சார், ஏணியைக் கெட்டியாப் புடிங்க” என்று உத்தரவுகள் வந்தபடி இருந்தன. சாயங்காலம் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார்.

படியிறங்கப் போன ஆசாரி தயங்கி நின்றார். “சார், நாளைக்கு மடிப்பாக்கத்துல ஒரு பீரோ வேலை. தப்பா நினைச்சுக்காதீங்க, மிஷினை ஒரு நாளைக்கு...”

“மிஷினை மட்டும் தர்றதில்லைங்க.”

“சரிங்க சார், பரவாயில்ல.”

“நாளைக்குன்னா நிஜமாவே நாளைக்குத்தானே? எத்தனை மணிக்கு வரணும்?”