எட்டரை மணி மகிழ்ச்சி

போன ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு வந்தால் முன்னுக்கு இழுப்பார்கள். அதில் பிரான்சுக்காரனுக்கு என்ன லாபமோ, நஷ்டம் காரைக்காலில் இருக்கும் எனக்கு. ஏழரைக்கு ஆரம்பித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு ஜெபமாலை திங்கட்கிழமை முதல் எட்டரைக்கு மாறிவிட்டது. மார்ச் வரைக்கும் எட்டரைதான்.

மூலகாரணம் 1962. அந்த வருஷம் ஆகஸ்ட் 16ஆம் தேதி, காரைக்காலைப் பிரான்ஸ் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் மனைவியின் தாத்தா எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில் மச்சான் பாரீஸ் பக்கம் வேலை பார்க்கிறார். அவர் வேலை முடிந்து வீடு வந்து சேர மாலை நான்கு ஆகும். கோடையில் அங்கே நான்கு என்றால் இங்கே ஏழரை. குளிர்காலத்தில் எட்டரை. மச்சான் வாட்ஸப்பில் முகம் காட்டாமல் என் மாமியார் சிலுவை போட மாட்டார். தாத்தா அன்றைக்குப் போட்ட கையெழுத்துக்கு இன்றைக்கு என் மீன் குழம்பு ஆறுகிறது.

இந்தக் கடிகாரக் கூத்தை நிறுத்தச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றமே 2019இல் ஓட்டுப் போட்டது. உறுப்பு நாடுகள் ஒத்துவராமல் இன்னும் கிடப்பில் கிடக்கிறது. நாம் என்னடாவென்றால் நம்மூர் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த லட்சணத்தில், அக்டோபர் பிறந்தால் போதும், ஆளாளுக்கு அறிவுரை. குடும்பமாகச் சேர்ந்து ஜெபியுங்கள், அதையும் மகிழ்ச்சியோடு செய்யுங்கள். சேர்ந்து ஜெபிப்பது சரி, உட்கார வைத்தால் உட்கார்ந்துவிடலாம். மகிழ்ச்சிக்கு யார் பொறுப்பு? அடுத்த தெருவில் ஒரு பெந்தெகொஸ்தே குடும்பம் இருக்கிறது. சாயங்காலமானால் கை தட்டி, பாடி, வீடே அதிரும். பார்த்தால் நிஜமாகவே மகிழ்ச்சியாகத்தான் தெரிகிறார்கள். அவர்களுக்குப் பிரான்சில் சொந்தக்காரர்கள் கிடையாது. குடும்ப ஜெபத்தை மகிழ்ச்சியாக்க என்னிடமும் ஒரு யோசனை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அக்டோபரை ஜெபமாலைக்கு ஒதுக்கியவர் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், 1883இல். அவருக்கு மாமியார் கிடையாது. முதல் பாப்பரசரான இராயப்பருக்கு உண்டு. காய்ச்சலில் கிடந்த அந்த அம்மாளை இயேசு குணமாக்கினார், எழுந்ததும் அவர் எல்லோருக்கும் பணிவிடை செய்தார் என்று சுவிசேஷமே சொல்கிறது. பணிவிடை என்றால் சாப்பாடு போட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஜெபமெல்லாம் முடித்துவிட்டுப் பரிமாறினார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சேர்ந்து ஜெபிக்கிற குடும்பம் சேர்ந்தே வாழும் என்கிற வாசகத்தை உலகமெல்லாம் கொண்டுபோனவர் அமெரிக்காவில் இருந்த பாட்ரிக் பெய்ட்டன் சாமியார். அதை எழுதிக் கொடுத்தவர் சாமியார்கூட இல்லை, ஆல் ஸ்கால்போன் என்ற விளம்பரக்காரர். விளம்பரத்தில் போட்டபடியே பொருள் இருக்க வேண்டும் என்று நினைப்பது நம் தப்பு.

ஐம்பத்து மூன்று மணியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மாதா சுரூபத்துக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் சாய்த்து வைத்த போனிலிருந்து மச்சான் பதில் சொல்வது, நாங்கள் அடுத்த அருள் நிறை மந்திரத்தில் பாதி போன பிறகுதான் வந்து சேரும். மியூட் போடலாம் என்றால், "புள்ள குரல் கேக்க வேணாமா?" என்பார் அத்தை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தொல்லை அதற்குப் பிறகுதான். மாதா பிரார்த்தனையும் முடிந்து, மரத்துப்போன காலை நீட்டலாம் என்று நினைக்கிற நேரத்தில் "கருத்துக்கள்" ஆரம்பமாகும். கருத்து ஒன்றுக்கு ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். சுருக்கமாக, ஒரு பர, மூன்று அருள், ஒரு திரி.

முதலில் எல்லாம் நியாயமாகத்தான் போகும். பாப்பரசருக்காக. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக. கடலுக்குப் போனவர்களுக்காக. விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்காக. அத்தையின் இடது முழங்காலுக்காக. இதற்குப் பிறகுதான் ஜெபம் வீட்டுக்குள் நுழையும்.

"ஆண்டவரே, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைக் கொடும்." எங்கள் வீட்டில் பிள்ளை ஒருவன்தான். பன்மை மரியாதைக்கு.

பிள்ளை சும்மா இருப்பானா? காலேஜுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற மாணவர்களுக்காகவும், பைக் வாங்கித் தருகிற தாராள மனசு எல்லா அப்பாக்களுக்கும் கிடைக்கவும் மன்றாடுவான்.

என் மனைவி ஞாபக மறதியால் அவதிப்படுகிறவர்களுக்காக, குறிப்பாக கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறக்கிறவர்களுக்காக வேண்டுவாள். அதே மூச்சில், தூர தேசத்தில் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்கு அம்மாவை வந்து பார்க்க லீவு கிடைக்க வேண்டும் என்பாள். போனில் மச்சானின் முகம் அப்படியே உறைந்துவிடும். பாரீஸில் நெட் எப்போதும் இந்த இடத்தில்தான் போகிறது. திரும்பி வந்ததும் அவர், சொத்து விஷயத்தில் கூடப் பிறந்தவர்களுக்குள் சமாதானம் நிலவ ஒரு கருத்து வைப்பார். அதற்கும் ஒரு பர, மூன்று அருள், ஒரு திரி.

கடைசியாக அத்தை கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு வயிற்றைக் கலக்கும். "மாப்பிள்ளைக்குப் பொறுமையைத் தாரும் ஆண்டவரே. சாப்பாட்டுக்கு முன்னாடி நூற்றி அறுபது, சாப்பாட்டுக்குப் பின்னாடி இருநூற்று நாற்பது இருக்கிற அவருடைய சர்க்கரையைக் குறைத்தருளும்." ஆண்டவருக்கு லேப் ரிசல்ட் போகவில்லை போலிருக்கிறது. பாரீஸில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வரைக்கும் என் சர்க்கரை தெரியும்.

இதில் கொடுமை என்னவென்றால், பதில் பேச முடியாது. ஜெபத்தில் குறுக்கே பேசினால் பாவம். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சம்பந்தப்பட்டவரே எல்லோரோடும் சேர்ந்து சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனே தண்டனைக்கு ஆமென் போடுகிற வழக்கம் காரைக்கால் கோர்ட்டில்கூடக் கிடையாது.

திங்கட்கிழமைக்கு உரியவை சந்தோஷ தேவ இரகசியங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சந்தோஷம் திங்களும் வியாழனும். 2002இல் பாப்பரசர் 2ஆம் ஜான் பால் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்து வியாழனை அதற்குக் கொடுத்ததால் சந்தோஷம் சனிக்கிழமைக்குப் போனது. எந்தக் கிழமை சொன்னாலும் எங்கள் முகங்களில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது.

அந்தச் சந்தோஷங்களையாவது யாராவது பார்த்திருக்கிறார்களா? ஐந்தாவது, பன்னிரண்டு வயது இயேசு காணாமல் போய் மூன்றாம் நாள் கோயிலில் கிடைத்தது. கிடைத்ததும் மாதா கேட்ட முதல் கேள்வி, ஏன் இப்படிச் செய்தாய் என்பது. பிள்ளையும் எதிர்க் கேள்வி கேட்டது. சூசையப்பர் அங்கே வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை. இதைத்தான் திருச்சபை சந்தோஷக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. திருக்குடும்பத்தின் சந்தோஷமே இந்த அளவுதான் என்றால், எட்டரை மணிக்கு, பசியோடு, கொசுக்கடியில் எங்களிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது அநியாயம். சேர்ந்து உட்கார்ந்தோமா, ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லையா, அது போதும்.

யோசனை சொல்கிறேன் என்றேன். அதற்கு இப்போது இடமில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் வைக்கிறேன். கருத்துக்களை மூன்றோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லுங்கள். சர்க்கரை அளவை டாக்டர் பார்த்துக்கொள்வார்.