மறுபரிசீலனைப் படலம்

அமெரிக்க வங்கியொன்றில் கடன் அட்டைக்கு விண்ணப்பித்து 'இல்லை' என்ற விடையைப் பெற்ற ஒருவர், அந்த விடையோடு அமைந்துவிடாமல் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பத்தை இன்னொரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்வதற்கு அந்நாட்டில் 'ரீகன்சிடரேஷன்' என்று பெயர். தமிழில் மறுபரிசீலனை எனலாம். இதில் கைதேர்ந்தவர்கள் 'ரீகான்' என்று செல்லமாகச் சுருக்கிக்கொள்வர். தமிழ்நாட்டு வழக்கங்களுள் இதனோடு உறவு கொண்டாடத்தக்கது தாலுகா அலுவலகத்தில் கொடுக்கப்படும் மனு ஒன்றே. ஆயினும் மனுதாரர் தம் இல்லாமையை விரித்துரைத்தால்தான் மனு நகரும்; மறுபரிசீலனை கேட்பவரோ தமக்குக் கடன் தேவையே இல்லை என்பதை ஐயமற நிறுவிய பிறகுதான் கடன் கேட்க முடியும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பழமொழியை நம்பித் தொலைபேசியை எடுத்தவர்கள் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுவே. குடித்து ஏப்பம் விட்ட பிள்ளைக்குத்தான் வங்கி அடுத்த சங்குப் பாலைப் புகட்டும்.

இதன் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது, தொடக்க காலத்தில் அட்டையை யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை என்ற செய்தி. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே, 'பேங்க் அமெரிக்கார்டு' என்னும் அட்டையைத் தபாலில் அனுப்பிவைத்தது. 1976-இல் விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது அந்த அட்டைதான். காலையில் தபால்பெட்டியைத் திறந்தவர் மாலைக்குள் கடனாளியாகிவிடக்கூடிய இந்த ஏற்பாட்டைப் பிற வங்கிகளும் பின்பற்ற, அட்டைகள் உரியவர் கைக்குப் போவதோடு திருடர் கைக்கும் போய்ச் சேர, 1970-இல் கேளாதவருக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. அட்டை மனிதரைத் தேடிப் போன காலம் 12 ஆண்டுகளில் முடிந்துவிட்டது. மனிதர் அட்டையைத் தேடிப் போகும் காலம் அரை நூற்றாண்டு கடந்தும் முடிந்தபாடில்லை.

இப்போது அட்டை தருவதா, மறுப்பதா என்பதை முதலில் தீர்மானிப்பது பெரும்பாலும் கணினியே. அது முதன்மையாகப் பார்ப்பது கடன் மதிப்பெண். ஒருவர் வாங்கிய கடனை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பினார் என்ற பழைய கணக்கைக் கொண்டு இனி எப்படித் திருப்புவார் என்று ஆருடம் கூறும் எண் இது. பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் 1956-இல் தொடங்கிய நிறுவனம், 1989-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட 'ஃபைகோ' மதிப்பெண் 300-இல் தொடங்கி 850-இல் முடிகிறது. தேர்வு எழுதாதவருக்கும் 300 உறுதி என்று இதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. குறைந்தது ஆறு மாத வயதுடைய கடன் கணக்கு ஒன்றாவது இல்லாதவருக்கு மதிப்பெண்ணே கிடையாது. தவணைகளை உரிய நாளில் கட்டிய வரலாற்றுக்கு 35 விழுக்காடும், நிலுவையிலுள்ள கடனின் அளவுக்கு 30 விழுக்காடும், கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 விழுக்காடும் ஒதுக்கப்பட்டு, எஞ்சியது புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் பகிரப்படுகிறது. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்கும்போது தமிழர்கள் முதலில் கேட்கும் சம்பளம், நிலம், நகை ஆகிய மூன்றும் இந்த மதிப்பெண்ணில் எங்கும் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இங்குதான் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலைக்கான விசாவில் அமெரிக்கா சென்று இறங்கும் தமிழ்ப் பொறியாளர் இந்த ஆய்வுக்குள் நுழைகிறார். பத்துப் பைசா கடன் இல்லாமல் வாழ்ந்தவர் என்று ஊரில் பெயரெடுத்த குடும்பத்தில் பிறந்து, அந்தப் பெயரைக் கட்டிக்காத்து வந்தவர் அவர். ஊரில் வீட்டுக் கடன் வாங்கி ஒரு தவணையும் தவறாமல் அடைத்திருந்தாலும், அந்த வரலாறு பொதுவாக அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறுவதில்லை. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற அந்த மூன்று நிறுவனங்களின் பார்வையில் அவர் விமான நிலையத்தில் பிறந்தவர். இத்தகையோரின் பதிவுக்கு அத்தொழிலில் வழங்கும் பெயர் 'தின் ஃபைல்', அதாவது மெலிந்த கோப்பு. உடல் மெலிய மாதந்தோறும் பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடம் செல்லும் ஒரு நாட்டில், கோப்பு மட்டும் மெலிந்திருக்கக் கூடாது என்பது விந்தையே.

விண்ணப்பம் மறுக்கப்பட்டதும் ஒரு கடிதம் வருகிறது. 1974-இல் இயற்றப்பட்ட சமக் கடன் வாய்ப்புச் சட்டம், முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்றும், மறுத்தால் அதற்குரிய குறிப்பான காரணங்களைச் சொல்ல வேண்டும் அல்லது அவற்றைக் கேட்டுப்பெறும் உரிமை விண்ணப்பித்தவருக்கு உண்டு என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் வங்கிகளைப் பணித்திருக்கிறது. திருமணமான பெண் கடன் கேட்டால் கணவரின் கையெழுத்தைக் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தை எதிர்த்துப் பிறந்த நல்ல சட்டம் அது. அதன் நன்மையைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் காரணங்களின் நடையைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லாததால், 'கடன் வரலாறு போதிய நீளமுடையதாக இல்லை' என்பன போன்ற தொடர்கள், முகூர்த்தத்துக்கு முன்பே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பும் அடக்கத்தோடு அமைந்துவிடுகின்றன. காரணம் அறிவது சட்டம் தந்த உரிமை. தொலைபேசியில் மறுபடி கேட்பது வங்கிகள் தாமாக விட்டுவைத்திருக்கும் வழக்கம் மட்டுமே. விண்ணப்பித்தபோதே வங்கி கடன் பதிவை எடுத்துப் பார்த்து, 'ஹார்டு இன்குவயரி' எனப்படும் விசாரணைத் தடத்தைப் பதித்துவிடுகிறது. அத்தடம் இரண்டு ஆண்டுகள் பதிவில் கிடக்கும். இட்லி வெந்தாலும் வேகாவிட்டாலும் அடுப்பு எரிந்தது எரிந்ததுதான் என்பதால், பொதுவாகப் புதிய தடம் எதையும் பதிக்காத அந்த ஓர் அழைப்பைச் செய்யாமல் விடுவது சிக்கனம் ஆகாது.

அழைப்பின் முதற்பகுதி இசை. தொழிற்சாலையொன்றில் தளர்ந்த கம்பி இரும்பு உத்தரத்தில் உரசி, காத்திருந்த அழைப்பாளர்களின் காதில் பக்கத்து வானொலி நிலையத்தின் பாட்டு விழுந்ததைக் கண்ட ஆல்ஃபிரட் லெவி என்பவர், அதையே கருவியாக்கி 1966-இல் காப்புரிமை பெற்றார். அன்று தொட்டு, காத்திருப்பவர் கோபப்படுவதற்குரிய நேரம் இசை ரசிப்பதற்குரிய நேரமாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. இரண்டாம் பகுதி பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு வாழ்ந்த தமிழர், அமெரிக்கப் படிவத்தில் அதை விரித்துக் குடும்பப் பெயராக எழுத நேர்வதால், வங்கி ஊழியர் அவரை அவருடைய அப்பாவின் பெயரால் மரியாதையாக விளிப்பார். அப்பாவுக்குக் கிடைத்த மரியாதையை ஏற்பதா, தமக்கு நேர்ந்த பிழையைத் திருத்துவதா என்று மகன் திகைப்பார். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உடையவர்களின் நிலை இதனினும் கடினம்: விசாவில் அந்த ஒரு பெயர் குடும்பப் பெயராகிவிட, முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்என்யூ' என்ற மூன்றெழுத்து முதற்பெயராக அமர்ந்துவிடும். அடையாளத்தை உறுதி செய்ய இயலவில்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்ட சில விண்ணப்பங்களுக்குப் பின்னால் இருப்பது கடன் குறை அன்று, இந்தப் பெயர்க் குறையே. ழகரத்துக்கு 'இசட்-எச்' போட்டுப் பெயர் எழுதியவர்கள், அந்த இரண்டு எழுத்துகளும் ஏன் அங்கே இருக்கின்றன என்பதை அயல்மொழியாளருக்கு விளக்கத் தொடங்கினால், அட்டையைப் பற்றிப் பேச நேரம் மிஞ்சாது.

மூன்றாம் பகுதியே உயிர்நாடி. 'எதற்காக இந்த அட்டையை விரும்புகிறீர்கள்?' என்று கடன் ஆய்வாளர் கேட்பார். அட்டைக்கு வரவேற்பாகத் தரப்படும் இலவசப் புள்ளிகளுக்காக, அவற்றைக் கொண்டு ஊருக்கு விமானச் சீட்டு எடுப்பதற்காக என்பது உண்மையான விடை. அதைச் சொல்வது, பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜிக்கும் பஜ்ஜிக்குமாகத்தான் வந்தோம் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். அதற்காகப் பொய் சொல்வதும் தகாது. கடன் பெறும் நோக்கத்தோடு வங்கியிடம் வருமானத்தைக் கூட்டிச் சொல்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 30 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வங்கியோடு ஏற்கெனவே கணக்கு இருப்பதைச் சொல்வதும், பழைய அட்டையின் கடன் வரம்பில் ஒரு பகுதியைக் குறைத்துப் புதிய அட்டைக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பதும் பயன் தரக்கூடியவை. ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு சொம்பில் ஊற்றுவதால் வங்கிக்குப் புதிய இடர் இல்லை. திருட்டுக்கு அஞ்சித் தம் கடன் பதிவைத் தாமே பூட்டிவிட்டு, பூட்டியதை மறந்து விண்ணப்பித்தவர்கள் பூட்டைத் திறந்துவிட்டு அழைத்தாலே போதும். முகவரியில் எண் பிழையாக எழுதியவர்களும் அவ்வாறே. உண்மையில் இப்படலத்தில் கிடைக்கும் வெற்றிகளுள் நாவன்மையால் கிடைப்பவை குறைவு, எழுத்துப்பிழை திருத்தத்தால் கிடைப்பவையே மிகுதி என்பது இக்கட்டுரையை எழுதுபவரின் துணிபு.

ஒருவர் மறுத்தால் தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி அழைத்து வேறொருவரிடம் பேசுவது பழகியவர்களின் உத்தி. ஒரே கணினித் திரையை வெவ்வேறு கண்கள் பார்க்கும்போது விடை மாறுவதுண்டு என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எந்தக் கவுன்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து வரிசையில் நின்றவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆய்வு நேர்மை கருதி ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது: இக்கட்டுரையை எழுதுபவர் மெலிந்த கோப்புக்காரர்களுள் ஒருவர். அவர் மூன்று முறை அழைத்தார்; முதல் அழைப்பில் பெயரை எழுத்துக் கூட்டும்போது 'டி ஃபார் டிபன்' என்று சொல்லி, டிபன் என்றால் என்ன என்ற விளக்கத்தில் ஆறு நிமிடம் செலவிட்டார்; இரண்டாம் அழைப்பில், தம் பரம்பரையில் யாரும் கடன் வாங்கியதில்லை என்பதைப் பெருமையோடு எடுத்துரைத்துத் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொண்டார்; மூன்றாம் அழைப்பில் பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிணைய அட்டை ஒன்றைப் பரிந்துரைத்தார். பிணைய அட்டை என்பது, விண்ணப்பிப்பவர் ஒரு தொகையை வங்கியில் வைப்பாகக் கட்டி, அந்தத் தொகை அளவுக்கே அட்டையின் வரம்பைப் பெறும் ஏற்பாடு. தம் பணத்தைத் தமக்கே கடனாகப் பெற்று, உரிய நாளில் திருப்பித் தந்து, நாணயமானவர் என்று பெயரெடுப்பதற்குரிய வழி. அவர் 300 டாலர் கட்டி, மாதந்தோறும் காய்கறி வாங்கி, மாதந்தோறும் அடைத்தார்.

பதினோராம் மாதம் அதே வங்கியிடமிருந்து, முன்பு மறுத்த அதே அட்டைக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தடித்த உறையில் ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் அவருடைய அப்பாவின் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.